தாளில் ஒரு படை: மேசைப் போர் விளையாட்டில் காகித வீரர்கள்

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். கூடத்தில் கேரம் போர்டு மேல் பச்சைத் துணி விரித்து, 24 அட்டைத் துண்டுகளை எதிரெதிராக இரண்டு வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன். ஒவ்வொரு துண்டின் மேலும் இரண்டு, மூன்று, நாலு என்று குட்டி வீரர்கள். கேடயம், ஈட்டி, குதிரை எல்லாம் உண்டு. குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, எல்லாம் பேப்பரா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தவன், "சரி, இவன் எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறான்?" என்று கேட்டான்.

இப்படிக் கேட்கத் தெரிந்தவனுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். எப்படி வெட்டுவது, எதில் ஒட்டுவது என்பதெல்லாம் அப்புறம். காகித வீரன் மேசை மேல் நின்று என்ன வேலை பார்க்கிறான் என்பது முதலில் பிடிபட வேண்டும்.

மேசைப் போர் விளையாட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கட்டம் அழித்த சதுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரங்கத்தில் குதிரை எங்கே தாவும் என்பதைக் கட்டம் சொல்லிவிடும். இங்கே ஸ்கேலை வைத்து அளந்து நகர்த்த வேண்டும். வெட்டப் போனவன் வெட்டியே தீருவான் என்ற உறுதியும் கிடையாது. இரண்டு பேரும் பகடை உருட்டி, அவரவர் படையின் பலத்தைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் யார் நின்றார், யார் பின்வாங்கினார், யார் ஒழிந்தார் என்று தெரியும். மேசை மேல் மேடு உண்டு, காடு உண்டு, ஆறு உண்டு. காட்டுக்குள் புகுந்த குதிரைப்படை திணறும். மேட்டில் நிற்பவனுக்குச் சாதகம். இந்தக் களத்தில் காய்களாக நிற்கும் குட்டி உருவங்களைத்தான் மினியேச்சர் என்கிறார்கள்.

வழக்கமான மினியேச்சர்கள் வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்தவை. வாங்கிப் பிசிறு சீவி, கைகால் ஒட்டி, பிரைமர் அடித்து, மயிரிழை போன்ற தூரிகையால் ஒவ்வொரு பொத்தானுக்கும் வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு படை முடிய மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தீட்டும் வேலைக்காகவே இதில் இருப்பவர்கள் ஏராளம். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நமக்குள்ள சிக்கல் வேறு. உருவங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையோடு தபால் செலவும் சுங்கமும் ஏறும். இதையெல்லாம் கட்டி ரோமானியப் படையை வாங்கி முடித்த பிறகுதான் உறைக்கும், எதிரிப் படையையும் நாமேதான் வாங்க வேண்டும் என்று. பக்கத்துத் தெருவில் யாரும் ரோமின் பழைய எதிரியான கார்த்தேஜின் படையைப் பரணில் வைத்துக்கொண்டு நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

அந்த இடத்தில்தான் பலரும் காகிதத்துக்கு வருகிறார்கள், தங்கம் வாங்க முடியாதவர் கவரிங் வாங்கிப் போட்டுக்கொள்வது போல, கொஞ்சம் கூச்சத்தோடு. அந்தக் கூச்சம் தேவையில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பேஸ்தான் காய்

எந்த விதிப் புத்தகத்தையாவது எடுத்துப் பாருங்கள். ஒரு படைப்பிரிவு எவ்வளவு தூரம் நகரலாம்? அது நிற்கும் அடித்தட்டின் முன்விளிம்பிலிருந்து அளக்கச் சொல்லும். இந்த அடித்தட்டைத்தான் ஆடுபவர்கள் பேஸ் என்கிறார்கள். மோதல் எப்போது தொடங்கும்? பேஸும் பேஸும் தொட்டால். பக்கவாட்டில் தாக்கினோமா, நேராகவா? நம் பேஸின் முன்விளிம்பு எதிரி பேஸின் எந்த விளிம்பைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும். மேலே நிற்கும் வீரன் வாளை ஓங்கியிருக்கிறானா, கொட்டாவி விடுகிறானா என்று விதி கேட்பதே இல்லை. விளையாட்டைப் பொறுத்தவரை பேஸ்தான் காய். மேலே நிற்கும் உருவம் அந்தக் காயின் பெயர்ப்பலகை.

இதை முதலில் ஆடியவர்களுக்குப் பெயர்ப்பலகைகூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தன் தந்தை தொடங்கிய போர்ப்பயிற்சி விளையாட்டைச் செப்பம் செய்து வெளியிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், அதன் மேல் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறத்தில் சின்னஞ்சிறு ஈயக் கட்டைகள். ஒரு படைப்பிரிவு உண்மையான களத்தில் எவ்வளவு அகலம் பிடிக்குமோ, படத்தின் அளவுக்கு அதே அகலத்தில் ஒரு கட்டை. தலை, கை, தொப்பி எதுவும் கிடையாது. அதை வைத்துத்தான் பிரஷ்ய அதிகாரிகள் பயிற்சி எடுத்தார்கள். அந்த விளையாட்டின் பெயர் கிரீக்ஸ்ஷ்பீல். இன்றைய போர் விளையாட்டுகள் பலவற்றுக்கும் அதுவே தாய்வழி.

அப்படியானால் உருவமே எதற்கு என்று கேட்கலாம். மரக்கட்டைகளை வைத்தும் ஆடலாம்தான். ஆனால் அரைமணி நேரத்தில் எது வில்படை, எது ஈட்டிப்படை என்று மறந்துபோகும்; அதைவிட, மனசு ஒட்டாது. உருவத்துக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. நான் எந்தக் கட்சி, நான் என்ன வகைப் படை, நான் எந்தத் திசை பார்த்து நிற்கிறேன் என்ற மூன்றையும் மேசையைச் சுற்றி மூன்றடி தள்ளி நிற்பவருக்கு ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் கைதேர்ந்த ஓவியர் வரைந்து அச்சடித்த தாள் வீரன், நான் தீட்டிய உலோக வீரனைவிட நன்றாகவே சொல்கிறான். என் கை நடுக்கம் அப்படி. மூன்றாவது வேலையில்தான் காகிதத்துக்குச் சோதனை. அக்கா மகன் கேட்டதும் அதைத்தான்.

தட்டையாக இருப்பது புதிதல்ல

பொம்மை வீரன் என்றால் உருண்டு திரண்டு இருக்க வேண்டும் என்பது பிற்கால வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் ஹில்பெர்ட் குடும்பத்தார் வார்த்து விற்ற வெள்ளீய வீரர்கள் சப்பையானவர்கள். பக்கவாட்டுத் தோற்றம் மட்டும் இருக்கும், நாணயத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான தடிமன். உலோகம் மிச்சம், விலை குறைவு, பிள்ளைகளுக்கு நிறைய வீரர்கள்.

அதே நூற்றாண்டில் ரைன் நதிக்கரையிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் இன்னும் மலிவான வழி ஒன்று பிறந்தது. படைவீரர்களை வரிசை வரிசையாகத் தாளில் அச்சடித்து விற்றார்கள். வாங்கியவர்கள் வண்ணம் தீட்டி, வெட்டி, அட்டையில் ஒட்டி நிறுத்தினார்கள். காவல்படை நகரம் அது. வீதியில் போகும் சீருடைகளைப் பார்த்துப் பார்த்து ஊர்க்காரர்களே தாளில் படை சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சில்பர்மான் என்ற அச்சகத்தார் வண்ணத்திலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். பிரான்சின் எபினால் ஊரில் பெல்லெரின் என்பவர் 1796இல் தொடங்கிய அச்சகமும் படக்காகிதங்களோடு சேர்த்து வீரர் தாள்களை விற்றது. அந்தப் பழைய காகிதப் படைகளில் பெருந்தொகுதி ஒன்று இன்றும் ஸ்ட்ராஸ்பூர்க் வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆகவே காகித வீரன் இன்று பிரிண்டர் வந்ததால் முளைத்தவன் இல்லை.

நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1980களில் 'கார்ட்போர்டு ஹீரோஸ்' என்ற பெயரில் அட்டை வீரர்களை விற்றது. பிரிட்டனில், வரலாற்றுப் போர்க்காட்சிகளை வரைவதில் பெயர்பெற்ற பீட்டர் டென்னிஸ் 2016 முதல் ஹீலியன் பதிப்பகம் வழியாகக் காகிதப் படைகளைப் புத்தகங்களாக வெளியிட்டு வருகிறார். புத்தகத்தை வாங்கியவர் தன் தேவைக்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்து வெட்டிக்கொள்ளலாம். இலவசமாக வேண்டும் என்றால் 'ஜூனியர் ஜெனரல்' என்ற தளம் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் ஒருவர் வரலாற்று வகுப்பில் பிள்ளைகளை ஆடவைக்கத் தொடங்கியது. படம் கொஞ்சம் எளிமையாக இருக்கும். எகிப்து முதல் இரண்டாம் உலகப் போர் வரை கிடைக்கும்.

நிற்க வைக்கும் வழிகள்

காகித வீரர்களில் நாலைந்து வகை உண்டு. மேலிருந்து பார்த்தபடி வரைந்து, மேசையில் சப்பையாகப் படுத்திருக்கும் வில்லை ஒரு வகை. திசை பளிச்சென்று தெரியும், காற்றுக்கும் விழாது, ஆனால் படை என்ற உணர்வே வராது. கூடாரம் போல மடித்து முக்கோணமாக நிறுத்துவது இன்னொன்று. பேஸே தேவையில்லை, அவசரத்துக்கு நல்லது. டாங்கி, வண்டி, வீடு போன்றவற்றை முழுப் பெட்டியாக மடித்து ஒட்டுவதும் உண்டு. அது தனிக் கலை, இங்கே அதற்குள் போகவில்லை.

பெரும்பாலானவர்கள் ஆடுவது முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த நிற்கும் தகட்டு வீரனை வைத்து. தாளில் அவனைப் பார்த்தால் விநோதமாக இருக்கும். ஒரு வீரன் நேராக நிற்பான். அவன் தலைக்கு மேல் இன்னொருவன் தலைகீழாகத் தொங்குவான், முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் மடித்தால் முன்னும் பின்னும் முதுகோடு முதுகு சேர்ந்து ஒரே வீரன் ஆகிவிடுவான். முன்பக்கத்தில் வலக்கையில் ஈட்டி இருந்தால் பின்பக்கத்திலும் ஈட்டி அதே இடத்தில் வந்து விழ வேண்டும். ஆகவே பின்பக்க உருவத்தின் வெளிக்கோடு முன்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும், உள்ளே மட்டும் முகத்துக்குப் பதில் பின்னந்தலை, கேடயத்துக்குப் பதில் முதுகுப்பை. திசையைச் சொல்வது இந்தப் பின்பக்கம்தான். இரண்டு பக்கமும் முகத்தையே அச்சடித்த மலிவுத் தாள்கள் கிடைக்கும். வாங்காதீர்கள். ஆட்டத்தின் நடுவில், "இவன் எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறான்?" என்று வாக்குவாதம் வரும்.

மடிப்பு தலைக்கு மேல் இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு துண்டாக வெட்டித் தனித்தனியாக ஒட்டினால் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வீரனுக்கு நிழல் போல வெள்ளை விளிம்பு தெரியும். மடிப்பு இருந்தால் அது தானாகப் பொருந்தும். ஆனால் மடிப்பு நேராக விழ வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அந்தக் கோட்டின் மேல் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மடியுங்கள். இதைச் செய்யாமல் கண் திட்டத்தில் மடித்த என் முதல் தாளில் வீரர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சரிந்து, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல நின்றார்கள்.

மடித்து, ஒட்டி, காயவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டிவிட்டு மடித்து ஒட்டலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டு விளிம்பும் ஒருநாளும் சேராது. வெட்டும்போது கால்களுக்கு இடையில், ஈட்டிக்கும் தோளுக்கும் இடையில் எல்லாம் கத்தியை விட்டுக் குடையாதீர்கள். உருவத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் விட்டு வளைத்து வெட்டினால் போதும். நல்ல தாள்களில் இடுக்குகளைக் கருப்பாகவோ தரை நிறமாகவோ நிரப்பியே கொடுத்திருப்பார்கள். மூன்றடி தூரத்தில் கண் அதை நிழலாக எடுத்துக்கொள்ளும்.

இனி இந்த வேலையிலேயே மிகச் சின்ன, மிகப் பெரிய விஷயம். வெட்டிய விளிம்பில் தாளின் வெள்ளை தெரியும். பார்த்த உடனே, இது வெட்டிய தாள் என்று காட்டிக்கொடுப்பது படமல்ல, அந்த வெள்ளைக் கோடு. ஒரு கருப்பு மார்க்கரையோ அடர்பழுப்பு ஸ்கெட்ச் பேனாவையோ படுக்கவைத்து விளிம்பைச் சுற்றி ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு வீரனுக்குப் பத்து விநாடி. அதற்கு முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் நம்ப முடியாது. நேரமில்லை என்று வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பேஸுக்குப் படம் மாட்டும் கடையில் கிடைக்கும் மவுண்ட் போர்டு நன்றாக இருக்கும். 2 மில்லிமீட்டர் தடிமன், கட்டரால் வெட்டலாம். வீரனின் காலடியில் இருக்கும் ஒட்டு மடிப்புகளை முன்னும் பின்னுமாக விரித்து ஒட்டி, அதன் மேல் ஃபெவிகால் தடவி மணல் தூவினால் மடிப்பும் மறையும், களமும் வந்துவிடும். சல்லடையில் சலித்த ஆற்றுமணல் போதும். கடையில் விற்கும் புல்தூள் எல்லாம் ஆசை இருந்தால்.

எடைதான் பாக்கி. இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த நாடுகளில் சீலிங் ஃபேன் ஒரு பிரச்சினையாக யாரும் எழுதியதை நான் பார்க்கவில்லை. நமக்கு அது முதல் எதிரி. மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு ஆட முடியாது. போட்டுவிட்டு ஆடினால் கார்த்தேஜ் தளபதி ஹானிபல் வருமுன்பே ரோமானியர்கள் மல்லாந்துவிடுவார்கள். ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர் கேளுங்கள். எம்12 வாஷர் 24 மில்லிமீட்டர் விட்டம், தனி வீரனுக்குச் சரியாக இருக்கும். அதையே பேஸாக வைக்கலாம், அல்லது மவுண்ட் போர்டின் அடியில் ஒட்டலாம். நாணயத்தை ஒட்டுபவர்களும் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. வாஷரில் இன்னொரு லாபம் பின்னால் சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் நடப்பது

வீட்டில் பிரிண்டர் இல்லாவிட்டால் கவலையில்லை. பிடிஎஃப் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடையில் அடித்துத் தருவார்கள். "பையன் ஸ்கூல் ப்ராஜெக்டா சார்?" என்று கேட்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தாளின் கனம். மடித்து ஒட்டியதும் கல்யாணப் பத்திரிகை அட்டையின் விறைப்பு வர வேண்டும். மடிக்கும்போது தாள் இரட்டிப்பதால் 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரை இருந்தால் போதும். 250 ஜிஎஸ்எம் அட்டையில் அடித்தால் மடிப்பில் வெடிக்கும், கத்தரிக்கோல் கையை வலிக்கவைக்கும். சாதாரண 70 ஜிஎஸ்எம் தாளில் ஈரப்பசை பட்டால் சுருங்கும்.

இன்னொன்று, அளவு. இதில்தான் முதல் முறை எல்லோரும் ஏமாறுகிறார்கள். அச்சிடும் பெட்டியில், பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு தானாகவே போடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் தயாரான தாள்கள் லெட்டர் அளவில் இருக்கும். அதன் அகலம் 216 மில்லிமீட்டர். நம் ஏ4 210 மில்லிமீட்டர். பொருத்து என்றால் எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கிவிடும். வீரன் அந்த அளவு குட்டையாவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பேஸ் 39க்குக் கீழே போய், வேறொரு நாள் அடித்த தாளோடு வரிசை சேராது. 100 சதவீதம் என்று வாய்விட்டுச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்.

அளவு என்றதும் 28 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என்று ஆடுபவர்கள் பேசுவதைக் கேட்பீர்கள். அது வீரனின் உயரம். பாதத்திலிருந்து கண்மட்டம் வரை என்று சிலர், தலை உச்சி வரை என்று சிலர், தீராத வழக்கு. 28 என்பது தனித்தனி ஆளாக மோதும் சின்னச் சண்டைகளுக்கு. 15 என்பது படை படையாக மோதும் ஆட்டங்களுக்கு. உலோகத்தில் இரண்டும் இரண்டு தனிக் கொள்முதல். காகிதத்தில் அது பிரிண்டருக்கு இடும் கட்டளை மட்டுமே. 28க்கு வரைந்த தாளை 54 சதவீதத்தில் அடித்தால் 15 ஆகிவிடும். கணக்கு போடச் சோம்பலா, ஒரு தாளில் நாலு பக்கம் என்று அடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரிபாதியாகி 14 மில்லிமீட்டர் வரும், ஒரே தாளில் நாலு மடங்கு படையும் வரும்.

இங்க்ஜெட்டா லேசரா என்று கேட்டால், இங்க்ஜெட் நிறம் அழகு, ஆனால் ஃபெவிகாலின் ஈரம் பட்டால் சாயம் போகும் சேலை போலப் பரவிவிடும். அதற்கு க்ளூ ஸ்டிக்தான் ஒட்ட வேண்டும். லேசரில் ஈரப் பயம் இல்லை. மடிப்பில் மட்டும் டோனர் உதிரும். மடிப்பு உச்சந்தலையில் இருப்பதால் மார்க்கர் ஓட்டும்போது அதையும் சேர்த்து மூடிவிடலாம். நான் லேசர் கட்சி.

12 பேஸில் ரோம்

சொன்னதையெல்லாம் ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் 1990இல் டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. பழங்காலப் போர்களுக்கானது. புதிதாக ஆடுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், காரணம் எந்தப் படையானாலும் 12 பேஸ், அவ்வளவுதான். 15 மில்லிமீட்டர் அளவில் ஒவ்வொரு பேஸும் 40 மில்லிமீட்டர் அகலம். களம் இரண்டடிக்கு இரண்டடி. கேரம் போர்டுக்குள் அடங்கும். சட்டம் இருப்பதால் பகடையும் உருண்டு கட்டிலுக்கு அடியில் போகாது.

கார்த்தேஜோடு மோதிய காலத்து ரோமானியப் படையை எடுத்தால், அதில் வாள் ஏந்திய காலாள் பேஸ் 6, பின்வரிசை ஈட்டிக்காரர் பேஸ் 2, முன்னால் ஓடி எறியீட்டி வீசும் இலகுப்படை பேஸ் 2, குதிரைப்படை பேஸ் 2. அதில் ஒன்று தளபதியுடையது. வாள், ஈட்டி பேஸ்களில் நாலு நாலு பேர், குதிரையில் மூன்று மூன்று, இலகுப்படையில் இரண்டிரண்டு. மொத்தம் 42 உருவங்கள்.

உலோகம் என்றால் 42 உருவத்தையும் ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டும். காகிதத்தில் நாலு பேரையும் தோளோடு தோள் நிற்கும் ஒரே பட்டையாக அச்சடித்திருப்பார்கள். 40 மில்லிமீட்டர் அகலப் பட்டை, முன்பக்கம் 20, பின்பக்கம் 20, ஒட்டு மடிப்பு இருபுறமும் 5. ஆக 50 மில்லிமீட்டர் நீளம். ஏ4 தாளில் ஒரு வரிசைக்கு நாலு பட்டை என்று ஐந்து வரிசை போகும். 12 பேஸும் ஒரே தாளில் அடங்கி மிச்சமும் இருக்கும். எதிரிப் படைக்கு இன்னொரு தாள். இரண்டு தாளில் கார்த்தேஜும் ரோமும் தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெட்ட உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் ஆடலாம்.

ஆட்டம் எப்படிப் போகும்? உங்கள் முறை வந்ததும் ஒரு பகடை. 3 விழுந்தால் மூன்று நகர்த்தல்கள். சேர்ந்து நிற்கும் வரிசையை ஒரே நகர்த்தலாகக் கொண்டுபோகலாம். சிதறிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. தளபதியின் குரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு நான் பார்த்ததில்லை. பேஸும் பேஸும் தொட்டதும் மோதல். காலாளோடு மோதும்போது வாள்படையின் பலம் 5, ஈட்டிப்படைக்கு 4. மற்ற கூட்டல் கழித்தல்களை விட்டுவிடுவோம். நீங்கள் 2 போட்டீர்கள், மொத்தம் 7. எதிராளி 4 போட்டார், மொத்தம் 8. பலசாலியான உங்கள் வாள்படை பின்வாங்க வேண்டியதுதான். ஒருவர் எண்ணிக்கை மற்றவர் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வந்தால் தோற்ற பேஸ் களத்தைவிட்டே போகும்.

இந்த இடத்தில் அக்கா மகனின் கேள்வி திரும்ப வருகிறது. முன்னால் ஒருவனோடு மோதிக்கொண்டிருக்கும் உங்கள் பேஸின் பக்கவாட்டில் இன்னொரு எதிரி பேஸ் வந்து தன் முன்விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால், சாதாரணமாகப் பின்வாங்கித் தப்பியிருக்கக்கூடிய தோல்வியே சாவாகிவிடும். பின்வாங்க வழியில்லை. எவன் எந்தத் திசை பார்த்து நிற்கிறான் என்பதுதான் உயிர். பின்பக்கத்தில் முதுகு அச்சடித்திருப்பது அழகுக்காக அல்ல. நாலு பேஸ் இழந்து, எதிராளியைவிட அதிகமாகவும் இழந்தவர் தோற்றவர். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

காகிதம் கைவிடும் இடங்கள்

எல்லாவற்றுக்கும் காகிதம் பொருந்தாது. சில விதிகள், குறிப்பாக வார்ஹாமர் 40,000 வகை ஆட்டங்கள், உருவத்தின் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்து, எதிரி உருவம் தெரிகிறதா என்று முடிவு செய்யச் சொல்லும். காகித வீரனைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு கோடு. சுடவே முடியாத மாயாவியாகிவிடுவான். இந்த மாதிரி ஆட்டத்தைக் காகிதத்தில் ஆடுவதானால் தொடங்குமுன் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும்: ஒவ்வொரு வீரனும் அவன் பேஸ் அகலத்தில் ஒரு டம்ளர் அளவு இடத்தை நிரப்பி நிற்கிறான், டம்ளரில் எந்த மூலை தெரிந்தாலும் சுடலாம் என்று. வரிசைப் படை ஆட்டங்களில் இந்தத் தொல்லை இல்லை. பேஸ் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு பட்டை ஒட்டினால் பக்கவாட்டுப் பார்வையிலும் கொஞ்சம் கூட்டம் தெரியும்.

கடலோர ஊரில் இருந்தால் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வீரர்கள் முதுகு வளைந்துவிடுவார்கள். ஒட்டி முடித்ததும் மேட் வார்னிஷ் ஸ்பிரே ஒரு பூச்சு கொடுத்தால் தாங்கும். பழைய பழக்கத்தில் மைதா பசை காய்ச்சி ஒட்டினீர்கள் என்றால் ராமபாணப் பூச்சிக்குப் படையல் வைத்தது போல. வைப்பதற்கு நான் பயன்படுத்துவது தகர பிஸ்கட் டப்பா. பேஸுக்கு அடியில் இரும்பு வாஷர் இருப்பதால் டப்பாவின் அடியில் காந்தத் தாள் ஒட்டிவிட்டால் வீரர்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், டப்பாவைக் கவிழ்த்தாலும் உதிராமல். முன்னே சொல்கிறேன் என்றேனே, அந்த லாபம் இதுதான். கூடவே ஒரு அந்துருண்டை.

யானையில்தான் நான் இன்னும் மல்லாடுகிறேன். குதிரை ஒல்லியாக இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்கிறது. கார்த்தேஜின் யானை தட்டையாக நின்றால், நேரெதிரே இருந்து பார்ப்பவருக்குப் பலகையில் வரைந்த யானையை யாரோ தள்ளிக்கொண்டு வருவது போல இருக்கிறது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை வைத்து ஒட்டி, தலையைத் தனித் துண்டாக முன்னால் செருகிப் பார்த்தேன். 15 மில்லிமீட்டர் அளவுக்கு உள்தட்டு பெரிதாகி, யானை கர்ப்பமாக இருப்பது போல ஆகிவிட்டது. இப்போது ஃபோம் போர்டில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன், பரவாயில்லை. துதிக்கையை மட்டும் அக்கா மகன் ஒட்டினான். கொஞ்சம் கோணல்தான், ஆனால் அதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.